பனி வீதியில் உப்பு: புத்தளம் கரையிலிருந்து ஒரு கணக்கு

புத்தளம் களப்பின் ஓரத்தில், பாலாவியிலும் அதைச் சுற்றியுள்ள உப்பளங்களிலும், கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்க வெயிலும் காற்றும் வாரக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கிறது. நடுவில் ஒரு பெருமழை பெய்தால் அத்தனை உழைப்பும் ஒரு பகலில் கரைந்துபோகும். 2024 இன் கடைசியிலும் 2025 இலும் காலம் தவறிப் பெய்த மழையில் அதுதான் நடந்தது. நாலு புறமும் கடல் சூழ்ந்த இலங்கை இந்தியாவிலிருந்து உப்பு இறக்க வேண்டி வந்தது. இதே பொருளை, இலங்கைத் தமிழர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோ மாநகரம் ஒவ்வொரு குளிர்காலத்திலும் சுமார் 1,30,000 தொன் அளவுக்கு வீதியில் தூவி வேண்டுமென்றே கரைக்கிறது. கனடா முழுவதிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 இலட்சம் தொன் இப்படிக் கரைகிறது. சமையலுக்கும் கருவாட்டுக்கும் தொழிற்சாலைக்குமாக இலங்கை ஓர் ஆண்டில் செலவிடும் மொத்த உப்பைப்போல் இது இருபது மடங்குக்கும் மேல். பனியே விழாத ஒரு கரையை வைத்துப் பனி அகற்றுவதைப் பேசுவதற்கு இந்தத் தொடர்பே போதுமானது. ஓர் உள்ளூராட்சி சபை வீதியிலிருந்து பனியை எப்படி எடுக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள உப்பளத்திலிருந்து தொடங்குவது நல்லது. அந்த வேலைக்கு உண்மையில் என்ன விலை கொடுக்கப்படுகிறது என்பதற்கும் உப்பளமே சாட்சி. என் வாதம் இதுதான்: வீதிக்கு உப்பு வேண்டும். ஆனால் சபையின் கணக்கில் உப்பின் விலையும் லொறியின் செலவும் மட்டுமே ஏறுகின்றன. கரைந்த உப்பை மீண்டும் பிரித்தெடுக்க ஆகும் செலவு எந்தப் பக்கத்திலும் எழுதப்படுவதில்லை. அதையும் எழுதினால், எவ்வளவு குறைவாக, எந்த நேரத்தில் போடுவது என்பதே பனி அகற்றும் வேலையின் முதற் கேள்வியாகிவிடும்.

முதலில் உப்பளம். ஒரு லீற்றர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றில் நாம் சமையலுக்குப் போடும் கறியுப்பு 27 கிராம் அளவில் இருக்கும். ஆகவே ஒரு தொன் உப்புக்குக் குறைந்தது 37,000 லீற்றர் கடல்நீர் வேண்டும், அதுவும் ஒரு துளி உப்பும் வீணாகாவிட்டால். நீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாறி மாறிப் போகும்போது அடர்த்தி ஏறிக்கொண்டே வரும். அடர்த்தியை அளக்கும் போமே மானியில் கடல்நீர் 3 பாகைக்குச் சற்று மேலே நிற்கும். 25 பாகையைத் தொட்டால்தான் உப்பு விளையத் தொடங்கும். அதற்குள் பத்தில் ஒன்பது பங்கு நீர் ஆவியாகியிருக்கும், ஜிப்சம் முன்னதாகவே அடியில் படிந்திருக்கும். விளையும் கணத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்: அசையாத நீரின் மேல்மட்டத்தில் சதுர விளிம்பும் குழிந்த நடுவும் கொண்ட மெல்லிய படிகங்கள் தோன்றி, சற்று நேரம் மிதந்து, கனம் ஏறியதும் சரிந்து மூழ்கிவிடும். இந்த இடத்தில் வேலை மந்தமாவதற்கு ஒரு காரணம் உண்டு. உப்பு தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளை இழுத்துப் பிடித்துக்கொள்வதால், செறிந்த உப்புநீர் நன்னீரைவிட மெதுவாகத்தான் ஆவியாகும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் ஆவியாவதே நின்றுபோய், உப்பு காற்றிலிருந்து நீரை உறிஞ்சத் தொடங்கும். மாரி காலத்தில் சமையலறை உப்பு கசிவதும் உப்பளத்தில் விளைச்சல் நிற்பதும் ஒரே விதிப்படிதான். தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தை மலைநாட்டின் சரிவில் கொட்டிவிட்டு, கற்பிட்டிப் பக்கம் மழையில்லாமல் ஓயாது வீசும் மாதங்கள் உப்புக்கு நல்ல மாதங்களாவது அதனால்தான்.

நீரை ஆவியாக விடாமல் பிடித்துக்கொள்ளும் இதே குணம், நீரைப் பனிக்கட்டியாக விடாமலும் பிடித்துக்கொள்கிறது. வீதியில் உப்புச் செய்வது இவ்வளவே. உப்புக்குச் சூடு கிடையாது. அது எதையும் உருக்குவதற்கான வெப்பத்தைக் கொண்டுவருவதில்லை. பனிக்கட்டியின் மேற்பரப்பில் எப்போதும் மிக மெல்லிய ஈரப்படலம் இருக்கும். அங்கே மூலக்கூறுகள் கட்டியிலிருந்து பிரிந்து நீருக்குள் வருவதும், நீரிலிருந்து கட்டிக்குத் திரும்பிப் போவதும் ஓயாமல் நடக்கின்றன. 0 பாகை செல்சியசில் இரண்டும் சமம். ஈரப்படலத்தில் உப்புக் கரைந்ததும் திரும்பிப் போகும் வழி நெருக்கடியாகிறது, பிரிந்து வரும் வழியோ பழையபடியே இருக்கிறது. ஆகவே கட்டி கரைகிறது, அதற்கான வெப்பத்தைத் தார் வீதியிலிருந்தும் காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. கையால் சுற்றும் பழைய ஐஸ்கிறீம் வாளியில் பனிக்கட்டியோடு உப்பைக் கலந்தால் உள்ளே இருக்கும் பால் உறைவது இதனால்தான்: கட்டி கரைவதற்கான வெப்பத்தைப் பாலிலிருந்து பிடுங்குகிறது. கடல்நீரின் அளவு உப்பு உறைநிலையை −1.9 பாகைக்கு இறக்கும். நூற்றுக்கு 23 பங்கு உப்புள்ள நீர் −21 பாகை வரை உறையாது. அதற்கு மேல் எவ்வளவு உப்புப் போட்டாலும் உறைநிலை இன்னும் இறங்காது. ஆனால் நடைமுறையில் அந்த எல்லைக்கு வெகுமுன்பே உப்புப் பயன் இழக்கிறது. −1 பாகையில் 1 கிலோ உப்பு சுமார் 46 கிலோ பனிக்கட்டியைக் கரைக்க வல்லது. −7 பாகையில் 9 கிலோவைக்கூட எட்டாது. −12 பாகையில் 5 கிலோவுக்கும் குறைவு. இந்த மூன்று எண்களையும் மனதில் வைத்துக்கொண்டால் பனி அகற்றும் சபை ஒன்றின் முழு நடைமுறையும் தெளிவாகிவிடும். தவறான நேரத்தில், தவறான வெப்பநிலையில் உப்புப் போடும் சபை, அதே பலனுக்கு ஐந்து மடங்கு, ஒன்பது மடங்கு என்று உப்பைக் கொட்ட வேண்டி வரும்.

அதனால் சபையின் முதல் ஆயுதம் உப்பாக இருக்க முடியாது. விழுந்த பனி முழுவதையும் உப்பால் கரைப்பது எந்தக் கருவூலத்துக்கும் கட்டாது. பனியைத் தள்ள வேண்டும். லொறியின் முன்னால் சாய்வாகப் பூட்டிய இரும்பு அலகு பனியை வீதியோரத்துக்கு ஒதுக்கிக்கொண்டே போகும். எந்த வீதியை எப்போது ஒதுக்குவது என்பதை, ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் சட்டமே வரையறுத்திருக்கிறது. வாகன எண்ணிக்கையையும் வேக எல்லையையும் வைத்து வீதிகளை வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் வகுப்பு வீதியில் பனி 2.5 சென்ரிமீற்றரைத் தாண்டினால், பொழிவு நின்ற 4 மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும். ஐந்தாம் வகுப்பில் 10 சென்ரிமீற்றர் வரை பொறுக்கலாம், 24 மணி நேர அவகாசமும் உண்டு. ஒக்ரோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை நாளுக்குக் குறைந்தது மூன்று முறை வானிலையைப் பார்க்கவேண்டிய கடமையும் அதே விதிகளில் எழுதப்பட்டிருக்கிறது. ஓர் உள்ளூராட்சி சபையின் பொறுப்பை சென்ரிமீற்றரிலும் மணித்தியாலத்திலும் இப்படி எழுதிவைப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. விதிகள் இருந்தும் இயற்கை மிஞ்சும் காலங்கள் உண்டு. 1999 ஜனவரியில் இரண்டு வாரத்துக்குள் ஒரு மீற்றருக்கும் மேல் பனி கொட்டியபோது ரொறன்ரோ நகரபிதா இராணுவத்தை அழைக்க வேண்டி வந்தது. ஒதுக்கிய பனியை வைக்க வீதியோரத்தில் இடமில்லாமல் போனால், அதை அள்ளி லொறியில் ஏற்றித் திறந்த வெளிகளில் கொண்டுபோய்க் குவிக்க வேண்டும்; தள்ளுவதைவிட அது பல மடங்கு செலவு.

அலகு எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், சில்லுகளுக்கு அடியில் நசுங்கித் தாரோடு ஒட்டிக்கொண்ட பனியை அதனால் பெயர்க்க முடியாது. உப்பின் உண்மையான பணி அந்த ஒட்டை விடுவிப்பது. உறைந்த தட்டின்மேல் விழுந்த ஒரு பரல் உப்பைப் பாருங்கள்: அது தான் விழுந்த இடத்தில் பனியைக் கரைத்துக்கொண்டு நேர் கீழே ஒரு துளையாக இறங்கும். தார் தளத்தைத் தொட்டதும், அந்த உப்புநீர் பக்கவாட்டில் பரவித் தட்டுக்கும் தளத்துக்கும் இடையே ஒரு படலமாகப் புகும். அதன்பிறகு அலகு வந்தால் தட்டு பலகைபோலப் பெயர்ந்துவிடும். இதை விளங்கிக்கொண்டால் அடுத்த படி இயல்பாகவே தோன்றும்: பனி ஒட்டிய பிறகு மேலிருந்து துளைப்பதை விட, ஒட்டுவதற்கு முன்பே அந்தப் படலத்தைத் தளத்தில் போட்டுவைக்கலாமே. பனி வருமுன் நூற்றுக்கு 23 பங்கு செறிவுள்ள உப்புநீரை வீதியில் கோடுகோடாகத் தெளிப்பது இதற்காகத்தான். காய்ந்ததும் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். இப்படி முன்கூட்டிச் செய்தால், பிறகு ஒட்டிய பனியைப் பெயர்க்கத் தேவைப்படும் உப்பில் ஒரு சிறு பங்கே போதும். உலர்ந்த உப்பைச் சுழல்தட்டால் வீசும்போது ஏறத்தாழ 30 சதவீதம் துள்ளித் தெறித்து வீதிக்கு வெளியே போய்விடுகிறது. வீசுமுன் சற்று நனைத்துவிட்டால் அந்த இழப்புப் பெருமளவு நின்றுவிடும். காற்றின் வெப்பநிலையை விட்டுத் தார் தளத்தின் வெப்பநிலையை அளக்கும் அகச்சிவப்பு உணரிகள் லொறிகளில் பொருத்தப்படுவதும் மேலே சொன்ன மூன்று எண்களுக்காகவே. இவற்றில் எதுவும் அரிய தொழில்நுட்பம் கிடையாது. ஒரு தாங்கி, ஒரு பம்பி, ஓர் உணரி, வானிலையைப் படிக்கத் தெரிந்த ஒரு மேற்பார்வையாளர். இவ்வளவு எளிய வழி இருக்கும்போது எந்தச் சபையும் ஏன் அளவுக்கு மீறி உப்புக் கொட்ட வேண்டும் என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன். அதற்குமுன் அந்த உப்பு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

பனி கரைந்தால் உப்பும் வடிகாலில் ஓடிக் கடலுக்கோ ஏரிக்கோ போய்ச் சேர்ந்துவிடும் என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். இதைச் சோதித்த இடங்களில் ஒன்று ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் நடுவே ஓடி ஒன்ராறியோ ஏரியில் விழும் ஹைலண்ட் கிறீக் என்னும் சிற்றாறு. அதன் நீரேந்து பரப்பில் தூவப்படும் உப்பையும் ஆறு வெளியே கொண்டுபோகும் உப்பையும் கென் ஹோவர்ட்டும் அவரோடு சேர்ந்த ஆய்வாளரும் கணக்கிட்டு 1993 இல் வெளியிட்டார்கள். ஆண்டில் போட்ட உப்பில் 45 சதவீதம்தான் வெளியேறியது. மீதி நிலத்துக்குள் இறங்கி ஆழங்குறைந்த நிலத்தடி நீரில் தங்கியது. ஆண்டுக்காண்டு தங்கும் அந்த உப்பு மெல்ல மெல்ல ஆற்றுக்குள் கசிகிறது. அதனால்தான் கடைசிப் பனி கரைந்து பல மாதங்களான கோடையிலும் இப்படிப்பட்ட நகரத்து ஓடைகளில் உப்பு ஏறிக் காணப்படுகிறது. தவளையும் நீர்ப்பூச்சியும் முட்டையிடும் காலம் அது. நன்னீர் உயிர்களுக்கு நீண்டகாலம் தாங்கக்கூடிய குளோரைட்டின் அளவாகக் கனடா வகுத்திருப்பது லீற்றருக்கு 120 மில்லிகிராம். 1 கிலோ உப்பில் 600 கிராமுக்குச் சற்று அதிகமான குளோரைட்டு இருக்கிறது. கணக்குப் போட்டால், 1 கிலோ உப்பு ஐயாயிரம் லீற்றர் தூய நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவரப் போதும். ஒரு வீட்டு வாசலில் கைவாளியால் வீசப்படும் உப்பே பல கிலோ இருக்கும். ஐந்து ஆண்டு ஆய்வுக்குப் பிறகு 2001 இல் கனடிய அரசு வீதி உப்பு சூழலுக்கு நஞ்சானது என்று முடிவுசெய்ததற்கும், 2004 இல் பெருமளவில் உப்புப் பயன்படுத்தும் சபைகளுக்கு நடைமுறைக் கோவை ஒன்றை வெளியிட்டதற்கும் இப்படிப்பட்ட கணக்குகளே அடிப்படை.

நிலத்தடியில் உப்புத் தங்கிவிடும் என்பதைக் கற்பிட்டித் தீபகற்பத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் மணல். அந்த மணலுக்குள் மழைநீர் இறங்கி, கனமான கடல்நீரின்மேல் ஒரு வில்லையாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே சுமார் நாற்பது மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்கலாம் என்பது இப்படிப்பட்ட வில்லைகளுக்கான பொது விதி; மேலே ஒரு சாண் குறைந்தால் கீழே பல மீற்றர் பறிபோகும் என்பது அதன் மறுபக்கம். அந்த நீரை இறைத்துத்தான் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் விளைகின்றன. இறைத்த நீரில் ஒரு பகுதி ஆவியாகிறது, மீதி தன் உப்போடும் பசளையோடும் மீண்டும் மணலுக்குள் இறங்குகிறது, மறுபடி இறைக்கப்படுகிறது. நீர் குறையக் குறைய உப்பு மட்டும் சுற்றிச் சுற்றி வருகிறது. 1980-களில் இங்கே நிலத்தடி நீரை ஆராய்ந்தவர்கள், பயிர்செய்யும் பகுதிக் கிணறுகளில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையை மீறியிருப்பதைக் கண்டார்கள். பொட்டாசியம் குளோரைட்டுப் பசளையால் குளோரைட்டும் ஏறிக்கொண்டிருந்தது. ஸ்காபரோவில் நடப்பதும் கற்பிட்டியில் நடப்பதும் ஒரே பொறிமுறை. மேலே போடுவதில் ஒரு பகுதிதான் வெளியேறுகிறது, மீதி நாம் பார்க்காத இடத்தில் சேர்கிறது, சேர்ந்தது தெரியவரும்போது பத்திருபது ஆண்டுகள் கடந்திருக்கின்றன. சிலாபத்திலிருந்து முந்தல் வழியாகப் புத்தளம் வரை, 1990-களில் வெண்புள்ளி நோய் வந்தபின் கைவிடப்பட்ட இறால் பண்ணைக் குளங்கள் பல இன்றும் உவர் நிலமாகவே கிடக்கின்றன. மண்ணில் சோடியம் ஏறினால் களித்துகள்கள் பிரிந்து நீர் இறங்கும் துளைகளை அடைத்துவிடும்; பிறகு மழை பெய்தாலும் உப்பு எளிதில் கழுவப்படாது.

இங்கே முதலில் வரும் மறுப்பு நியாயமானது, அதை மழுப்பக் கூடாது. உப்பு உயிர்காக்கிறது. அமெரிக்காவில் மார்க்கற் பல்கலைக்கழகம் 1992 இல் வெளியிட்ட ஆய்வில், உப்புப் போட்ட பிறகு இருவழி வீதிகளில் விபத்து விகிதம் 88 சதவீதம் வரை குறைந்திருந்தது. பள்ளிப் பேருந்தும் அம்புலன்சும் ஓடும் வீதியில் ஒரு தவளைக்காக உப்பை நிறுத்துங்கள் என்று யாரும் கேட்க முடியாது, நானும் கேட்கவில்லை. ஆனால் அந்த ஆய்வு காட்டுவது உப்புப் போட்ட வீதிக்கும் போடாத வீதிக்கும் உள்ள வேறுபாட்டை. தேவையான அளவு போட்ட வீதிக்கும் அதைப்போல் இரு மடங்கு கொட்டிய வீதிக்கும் இடையே அப்படியொரு வேறுபாடு இருக்கிறது என்று அது சொல்லவில்லை. ஒட்டை விடுவிக்கப் போதுமான படலம் உருவானபின் மேலும் விழும் உப்பு, வாகனப் பாதுகாப்புக்கு ஒன்றையும் சேர்ப்பதில்லை. வடிகாலுக்கு மட்டுமே சேர்க்கிறது. அதோடு, உயிர்க்கணக்கின் மறுபக்கத்திலும் உப்பு நிற்கிறது. கொங்கிரீற்றுக்குள் இருக்கும் கம்பியைச் சுற்றிக் காரத்தன்மையால் உருவான ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டு. குளோரைட்டு அதை உடைத்துவிடும். துரு ஏறிய இரும்பு பருத்து, கொங்கிரீற்றை உள்ளிருந்தே பிளக்கும். உப்புக்காற்று வீசும் இந்தக் கரையில் யன்னல் கம்பிகளிலும் பாலங்களிலும் கண்ணெதிரே நடப்பதுதான் இது. ஒன்ராறியோவின் எலியற் லேக் நகரில் ஓர் அங்காடிக் கட்டடத்தின் கூரையே வாகனத் தரிப்பிடமாக இருந்தது. வாகனங்கள் சில்லுகளில் கொண்டுவந்த உப்பும் உருகிய நீரும் முப்பது ஆண்டுகளாகக் கசிந்து எஃகு இணைப்புகளை அரித்தன. 2012 யூன் 23 அன்று அந்தத் தளத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்ததில் இரண்டு பெண்கள் இறந்தார்கள். விசாரணை ஆணைக்குழு கசிவை நிறுத்தத் தவறிய மனிதர்களின் பொறுப்பை நீளமாக எழுதியது, அது சரியே; ஆயினும் இரும்பை அரித்த பொருள் உப்புநீர்தான்.

உப்புக்குப் பதில் வேறொன்றைப் போடலாமே என்பது அடுத்த மறுப்பு. மணல் போடுகிறார்கள், ஜனவரிச் சராசரி −16 பாகை அளவில் இருக்கும் வினிப்பெக் போன்ற நகரங்களில் உப்புப் பெரும்பாலும் வேலை செய்யாது என்பதால் மணலே கைகொடுக்கிறது. மணல் சில்லுக்குப் பிடிமானம் தரும், பனியைக் கரைக்காது. வசந்தத்தில் அத்தனையையும் கூட்டி அள்ள வேண்டும், அள்ளாதது வடிகாலை அடைக்கும், காற்றில் தூசியாகும். அடுத்தது, இந்தக் கரையில் இருப்பவர்களுக்குச் சுவையான செய்தி. உப்பு விளைந்து முடிந்ததும் பாத்தியில் மிஞ்சி, கழித்துவிடப்படும் கசப்பு நீரில் மக்னீசியம் குளோரைட்டு நிறைந்திருக்கிறது. அதே மக்னீசியம் குளோரைட்டை, பெருஉப்பு ஏரியின் நீரிலிருந்து எடுத்து, மேற்கு அமெரிக்க மாநிலங்கள் வீதியில் தெளிக்கின்றன. −33 பாகை வரை உறையாமல் நிற்கக்கூடிய கரைசல் அது. கல்சியம் குளோரைட்டு இன்னும் கடுங்குளிரைத் தாங்கும். கறியுப்புத் தோற்கும் இடத்தில் இவை வெல்லும். ஆனால் இவையும் குளோரைட்டுகளே. ஆற்றுக்கும் இரும்புக்கும் தீங்கு செய்யும் பகுதி மாறவில்லை. குளோரைட்டே இல்லாத அசற்றேற்றுகள் விலை மிக அதிகம். சிதையும்போது ஓடையின் ஒட்சிசனைத் தின்றுவிடும். பீட் கிழங்கிலிருந்து சீனி எடுத்தபின் மிஞ்சும் சாற்றை உப்புநீரில் கலந்தால் ஒட்டும் தன்மை கூடும், குளிரில் நன்றாக வேலை செய்யும். அதற்கும் அதே ஒட்சிசன் கடன் உண்டு. யப்பானின் நாகவோக்கா நகரம் 1961 இல் வேறு வழி கண்டது: வீதியின் நடுவில் குழாய் பதித்து, குளிர்காலத்திலும் வெதுவெதுப்பாக இருக்கும் நிலத்தடி நீரைச் சிறு துளைகள் வழியே பீச்சியது. உப்பே இல்லாமல் பனி கரைந்தது. பிறகு அந்த முறை பரவிய நீகாட்டா மாகாணத்தின் சில இடங்களில், நீரை இறைத்த அளவுக்கு நிலம் தாழத் தொடங்கியது. ஒவ்வொரு மாற்றுக்கும் இப்படி ஒரு கடன் பத்திரம் இருக்கிறது. எனவே பொருளை மாற்றுவதைவிட அளவைக் குறைப்பதே உறுதியான வழி என்பது என் கணிப்பு.

இன்னொரு மறுப்பை அடிக்கடி கேட்கலாம்: உப்பு இயற்கையானது, கடல் முழுக்க உப்புத்தானே, கொஞ்சம் கூடினால் என்ன? ஒன்ராறியோ வீதிகளில் விழும் உப்பில் பெரும்பகுதி வரும் இடத்தைப் பார்த்தால் இந்த மறுப்பு தனக்குத்தானே விடை சொல்லிவிடும். ஹியூறன் ஏரிக்கு அடியில், சுமார் 550 மீற்றர் ஆழத்தில், கோட்றிச் என்ற ஊரில் உலகின் மிகப்பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இருக்கிறது. 1866 இல் எண்ணெய் தேடித் துளையிட்டவர்கள் உப்பைக் கண்டார்கள். இன்றைய சுரங்கம் 1959 இல் திறந்தது. அந்த உப்பு சுமார் 42 கோடி ஆண்டுகளுக்கு முன் விளைந்தது. அப்போது இன்றைய வட அமெரிக்காவின் அந்தப் பகுதி வெப்பமண்டலத்தில் இருந்தது. ஆழமற்ற ஒரு கடல் வெயிலில் வற்றி வற்றி, ஜிப்சமும் உப்புமாக அடுக்கடுக்காகப் படிந்தது. அதாவது பாலாவியில் இன்று நடப்பதே அங்கே இலட்சக்கணக்கான ஆண்டுகள் நடந்திருக்கிறது. படிந்ததைக் களிமண் அடுக்குகள் மூடி, நீரோட்டத்திலிருந்து விலக்கிப் பூட்டிவைத்தன. அந்தப் பூட்டை உடைத்து, ஒரு கண்டத்தின் நன்னீரில் ஒரு நூற்றாண்டுக்குள் கலந்துகொண்டிருக்கிறோம். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1938 இல்தான் வீதி உப்புச் சோதனையே தொடங்கியது. பொருள் இயற்கையானதுதான், அது விடப்படும் வேகமும் இடமும் இயற்கையானவை அல்ல. கடலுக்கு உப்பு கேடு செய்யாது என்பதால் கிணற்றுக்கும் செய்யாது என்று கற்பிட்டித் தோட்டக்காரர் எவரும் சொல்லமாட்டார். ஓடையில் கலந்த உப்பை மீண்டும் எடுக்க வேண்டுமானால், ஒன்றில் வெயிலில் வைத்து நீரை ஆவியாக்க வேண்டும், அல்லது மின்சாரம் செலவிட்டு மென்சவ்வுகளின் வழியே நெருக்க வேண்டும். உப்பள வேலையாளின் ஒரு பருவத்து உழைப்பை ஓர் ஆறு முழுவதற்கும் செய்து பாருங்கள் என்பதற்கு ஒப்பான வேலை அது. எந்த நகரமும் செய்யப்போவதில்லை. ஆகவே தூவும் கைதான் இந்தக் கணக்கில் நம்மால் மாற்றக்கூடிய ஒரே இடம்.

இனி முன்பு விட்டுவந்த கேள்வி. முன்கூட்டித் தெளிக்கலாம், நனைத்து வீசலாம், தளத்தின் வெப்பநிலையைப் பார்த்து அளவிடலாம் என்று தெரிந்தும் ஏன் அதிகமாகக் கொட்டப்படுகிறது? சபைகளைப் பொறுத்தவரை நிலைமை திருந்திவருகிறது. நடைமுறைக் கோவை வந்தபின் லொறிகளில் அளவுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஏறின, உப்புக் குவியல்கள் கூரைக்கடியில் போயின. கணக்குக்கு அகப்படாதது தனியார் நிலம்: அங்காடிகள், அலுவலகங்கள், கோயில்கள், மண்டபங்கள் ஆகியவற்றின் வாகனத் தரிப்பிடங்கள். அங்கே உப்புப் போடுபவர் ஒப்பந்தக்காரர். ஒருவர் வழுக்கி விழுந்து வழக்குப் போட்டால் ஒப்பந்தக்காரரும் நில உரிமையாளரும் பதில் சொல்ல வேண்டும். அளவுக்கு மீறி உப்புப் போட்டதற்காக யாரும் அவர்கள்மேல் வழக்குப் போடுவதில்லை. பாதணிக்கு அடியில் பரல்கள் நொறுங்கும் அளவுக்கு உப்பு வெள்ளையாகத் தெரிவதே வேலை நடந்ததற்கான அத்தாட்சியாகிவிடுகிறது. பனி கரைந்த பிறகும் உலர்ந்த தளத்தில் உப்புத் தெரிந்தால், அது வேலை செய்யாத உப்பு; அதற்கும் பணம் கொடுக்கப்பட்டிருக்கிறது. இந்த அச்சத்தைச் சட்டத்தால்தான் தொட முடியும். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 2013 முதல், அளவோடு உப்புப் போடும் முறையில் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கி, போட்ட அளவைப் பதிவுசெய்துவரும் ஒப்பந்தக்காரர்களுக்கு வழுக்கி விழும் வழக்குகளிலிருந்து ஓரளவு பாதுகாப்புத் தருகிறது. ஒன்ராறியோ 2021 ஜனவரியில் இதில் ஒரு சிறு அடியை எடுத்துவைத்தது: தனியார் நிலத்தில் பனியால் விழுந்தவர் 60 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அது வழக்கின் கால எல்லையைத்தான் தொட்டது, உப்பின் அளவைத் தொடவில்லை. பயிற்சியையும் பதிவேட்டையும் பாதுகாப்போடு இணைக்கும் அடுத்த அடியை அங்கே வரி செலுத்துபவர்கள் தங்கள் உறுப்பினர்களிடம் கேட்கலாம். ஸ்காபரோவில் அவர்களில் கணிசமானோர் தமிழர். ஹைலண்ட் கிறீக் அவர்கள் வீட்டுப் பின்புறத்தால்தான் ஓடுகிறது.